பல் கணக்கில் வராது

முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.
நாற்பது இருந்தால்தான்
கை போய்விட்டதென்று அரசாங்கம் ஒத்துக்கொள்ளும்.
இரண்டு குறைந்ததால்
எனக்கு இன்னும் கை இருக்கிறதாம்.

சயான் ஆஸ்பத்திரியில்
காலை ஆறரைக்கு வரிசையில் நின்று
ஒரு மணிக்கு உள்ளே போனேன்.
டாக்டருக்குச் சின்ன வயசு. சாப்பிடாத முகம்.
மேசைமேல் ஒரு சட்டை.
பித்தான் போடச் சொன்னார்.
போட்டேன்.
இடது கையால் துணியை இழுத்து
ஓரத்தைப் பல்லால் கடித்து
ஐந்து பித்தான்; ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
பெல்ட் பட்டறையில் பஞ்சிங் மிஷின்
வலது கையில் மூன்று விரலை வாங்கிக்கொண்ட பிறகு
ஆறு வருஷமாகப் பழகிய வித்தை.
சபாஷ் சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.
எழுதிக்கொண்டிருந்தார்.

வக்கீல் பெயர் ஸ்நேஹல் காம்ப்ளே.
இலவச சட்ட உதவி என்றார்கள்.
இலவசத்துக்கு என்ன விலை என்று கேட்கத்தான்
தாராவியிலிருந்து கோட்டை வரைக்கும் போனேன்.
கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு அறை,
மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்கு ஊனம்.
என் இந்தி சந்தை இந்தி,
அவருடையது புத்தக இந்தி.
நடுவில் எங்கோ சந்தித்துக்கொண்டோம்.

எதெல்லாம் முடியாது, சொல்லுங்கள் என்றார்.
எல்லாம் முடியும் என்றேன்.
பேனாவை மூடினார்.
"பேச்சிம்மா, அதைத்தானே அவங்களும் எழுதியிருக்காங்க."

அப்புறம் சொன்னேன்.
அரிசி களையும்போது பாதி சாக்கடைக்குப் போவது.
கம்பி இடப்பக்கம் வந்தால்தான் ரயில் ஏறுவது,
வராத ரயில்களை
அவசரமில்லாதவள் போல அனுப்பிவைப்பது.
பச்சைத்தண்ணீரில்
இல்லாத விரல்கள் வலிப்பது.
மகள் கல்யாணத்தில்
முந்தானைக்குள் கையை வைத்தபடியே
பந்தி விசாரித்தது.
நான் சொல்லச் சொல்ல
அவர் எழுத எழுத
என் கை குறைந்துகொண்டே வந்தது.
"ஒண்ணுமில்ல சேட்" என்று
மறுமாசமே வேலை கேட்டுப் போய் நின்றவள் நான்.

ஆதாரில் பேச்சியம்மா.
ரேஷன் கார்டில் பேசி அம்மாள்.
ஆஸ்பத்திரிச் சீட்டில் பெசியமல்.
மூவரும் ஒருத்தியே என்று
பத்திரத்தில் சத்தியம் செய்தோம்.

மேல்முறையீட்டில் ஒரு வரி.
அவர் மராத்தியில் எழுதி
இந்தியில் வாசித்துக் காட்டினார்,
நான் தமிழில் வைத்திருக்கிறேன்:
மனுதாரர் பித்தான் போட்டது பல்லால்.
பல், கையின் கணக்கில் வராது.
கோர்ட்டு வளாகத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாதாம்;
காவல்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது முறை மூன்று டாக்டர்கள்.
அதே சட்டையாகக்கூட இருக்கலாம்.
ஸ்நேஹலை வெளியே உட்காரச் சொன்னார்கள்.
துணியைத் தொட்டதுமே
தலை தானாகக் குனிந்தது, வாய் திறந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
ஒரு பித்தான்.
பாதி ஓட்டைக்குள் போய் நழுவியது.
மறுபடி.
மறுபடி.
ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஆறு வருஷத்தில் முதல் தடவையாக
அந்தக் கையைத் தனியாக விட்டுப் பார்த்தேன்.
பாவம், எவ்வளவு முயன்றது.
கண்ணில் வந்ததை அவர்கள் எழுதினார்களா, தெரியாது.
அதற்குக் கட்டம் இருக்காது.

பதினைந்து நாள் ஆகும் என்றார்கள்.
வாசலில் ஆளுக்கொரு கட்டிங் சாயா.
ஸ்நேஹலின் கறுப்புக் கோட்டில்
நடுப் பித்தான் நூலில் தொங்கியது.
ஊசி இருந்தால் கொடுங்கள் என்றேன்,
இரண்டு நிமிஷம், தைத்துவிடுகிறேன்.

அவர் ஆஸ்பத்திரிக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு
மெதுவாகச் சொன்னார்:
இங்கே வேண்டாம்.